பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பொருள் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பொருள் கண்ணில் பட்டதும் விலை கேட்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், கடைக்காரர் இறங்கி வந்து "சரி, எடுத்துக்குங்க" என்றதும்தான் பொருளைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அதற்குள் கை கட்டப்பட்டுவிடுகிறது. கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால்தான் காசு போகிறது.

1. முந்தின நாள்: பட்டியலும் அளவும்

வியாழக்கிழமை இரவே ஒரு தாளில் மூன்று பொருள் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். சந்தையில் பழைய டைப்ரைட்டர் முதல் மீன் தொட்டி வரை எல்லாம் கிடக்கும். பட்டியல் இல்லாமல் போனால் தேவையில்லாத நான்கு பொருளோடு வருவீர்கள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு தொகை எழுதுங்கள். ஒன்று, அதே பொருள் புதிதாக என்ன விலை. இன்னொன்று, நீங்கள் அதிகபட்சம் கொடுக்கப் போவது. இரண்டாவது தொகையில் பழுது பார்க்கும் செலவும் வண்டிக் கூலியும் அடக்கம். புதியதில் பாதியைத் தாண்டினால் நான் தொடுவதில்லை, ஏனென்றால் இங்கே வாரண்டியும் கிடையாது, திருப்பிக் கொடுப்பதும் கிடையாது.

மரச்சாமான் வாங்குவதாக இருந்தால் வைக்கப்போகும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. வாசல் அகலம், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் கதவு இவற்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். என் சித்தி மகன் வாங்கிய எழுதுமேசை இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. படி திரும்பும் இடத்தில் நான்கு விரல்கடை போதவில்லை.

2. பையில் இருக்க வேண்டியவை

இரண்டு கட்டைப்பை. ஒரு அளவு நாடா. சின்ன காந்தம், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தமே போதும். டார்ச். ஸ்க்ரூ டிரைவர். பென்சில் செல் நான்கு, ஏனென்றால் கடிகாரமோ ரேடியோவோ செல் போடாமல் பேசாது. சார்ஜ் ஏறிய பவர் பேங்க்கும் ஒரு கேபிளும். ஒரு பழைய துணி, தூசி துடைத்து எழுத்தைப் படிக்க.

மின்சாதனம் வாங்குவதென்றால் ஒரு மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளந்து காட்டும் கருவி) கண்டிப்பாக வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ரகமே போதும். தெருவில் விரித்திருக்கும் கடையில் ப்ளக் பாயிண்ட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பணம் பத்து, இருபது, ஐம்பது, நூறு நோட்டுகளாக. ஃபோனில் அனுப்பும் வசதி பல கடைகளில் இருக்கிறது, ஆனால் கூட்ட நேரத்தில் நெட்வொர்க் திணறும். அதைவிட முக்கியம், 280-க்குப் பேசி முடித்துவிட்டு 500 நோட்டை நீட்டினால் "சில்லறை இல்லை, இதையும் சேர்த்து எடுத்துக்குங்க" என்று இன்னொரு பொருள் கைக்கு வரும்.

3. நேரமும் வழியும்

சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் வந்தால் திரிசூலத்துக்கு அடுத்த நிலையம் பல்லாவரம். இறங்கி நடந்தே சந்தைக்குப் போய்விடலாம். முதல் தடவை போகிறவர்கள் காரை எடுத்துப் போகவே வேண்டாம். நிறுத்த இடம் தேடுவதில் ஒரு மணி நேரம் போகும், அந்த எரிச்சலோடு பேரம் பேச உட்கார்ந்தால் விலை எப்படிப் படியும்?

காலையில் போனால் நல்ல பொருள், சாயங்காலம் போனால் நல்ல விலை. இரண்டும் சேர்ந்து கிடைக்காது. கருவிகள், பித்தளை, மரச்சாமான் வேண்டுமென்றால் காலை எட்டு மணிவாக்கில் போங்கள். வாங்கி விற்கிற வியாபாரிகளும் அப்போதுதான் பொறுக்குவார்கள், அவர்களுக்குப் பின்னால் போனால் மிச்சம்தான். துணி, புத்தகம், பாத்திரம் என்றால் வெயில் சாய்ந்தபின் போகலாம். மூட்டை கட்டித் திரும்பத் தூக்கிப்போக யாருக்கும் மனசு வராது, விலை தானாக இறங்கும். மழை நாளில் போகாதீர்கள். நனைந்த மின்சாதனத்தை அவர்கள் துடைத்து வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாது.

4. முதல் சுற்று: கை கட்டிக்கொண்டு நடங்கள்

ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு தடவை சும்மா நடங்கள். எதையும் எடுக்காதீர்கள். ஒரே மாதிரி இஸ்திரிப் பெட்டி நான்கு கடையில் இருக்கும், நான்கு விலை சொல்வார்கள். முதல் கடையிலேயே வாங்கிவிட்டால் இது தெரியவே வராது. பக்கத்தில் நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேளுங்கள். அதைவிட நல்ல விலைப்பட்டியல் கிடையாது.

கனமான பொருளை முதலில் வாங்கிச் சுமந்துகொண்டு சுற்றுவதும் புதியவர்கள் செய்கிற தப்பு. கையில் மூட்டையோடு நிற்கிறவர் எப்படியும் இன்னும் வாங்குவார் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பட்டியலில் இருப்பது, ஒன்றே ஒன்றுதான் கிடக்கிறது, இன்னொருவரும் அதைக் குனிந்து பார்க்கிறார் என்றால் சுற்றெல்லாம் அப்புறம். பொருளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும்வரை இன்னொருவர் விலை பேச மாட்டார், அது இங்கே எழுதாத சட்டம். கீழே வைத்தீர்களோ, போச்சு.

5. சோதனை: உங்கள் வாயிலிருந்து தொகை வரும் முன்

கடைக்காரரிடம் விலை கேட்கலாம், தப்பில்லை. நீங்கள் ஒரு தொகை சொல்லக் கூடாது. நீங்கள் "இருநூறு" என்று சொல்லி அவர் சம்மதித்த பிறகு, அடியில் விரிசல் இருக்கிறது என்று வைத்துவிட்டுப் போனால் அவருக்குக் கோபம் வரும். அது நியாயமான கோபம்தான். நான் முதல் வருடம் அப்படி ஒரு ரேடியோவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன், கூட்டம் கூடிவிட்டது. அதனால் பார்க்க வேண்டியதெல்லாம் இப்போதே.

மின்சாதனம்

முதலில் அடியில் இருக்கும் தகடு அல்லது ஸ்டிக்கரைத் துடைத்துப் படியுங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து வந்த சில பொருள்களில் 100, 110, 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருக்கும். பார்க்க அழகாக இருக்கும், வீட்டில் சொருகினால் புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டலாம், ஆனால் அதன் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாகும் பொருளுக்கு மீட்டரை ஓம் (மின்தடை) அளவில் வைத்து, ப்ளக்கின் இரண்டு சின்னக் கம்பிகளிலும் மீட்டரின் முனைகளை வையுங்கள். பெட்டியின் சூட்டுத் திருகை நடு அளவுக்குத் திருப்பிவைத்த பிறகுதான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல பெட்டியும் செத்ததுபோல் காட்டும். 1000 வாட் பெட்டி என்றால் 53 ஓம் அருகிலும், 750 வாட் என்றால் 70 ஓம் அருகிலும் காட்ட வேண்டும். (230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் வருவது இது.) எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட்.

அப்புறம் ஒரு முனையைச் சின்னக் கம்பி ஒவ்வொன்றிலும், மறுமுனையை வெளி இரும்பிலும் வையுங்கள். இங்கே எந்த எண்ணும் காட்டக் கூடாது. காட்டினால் அந்தப் பெட்டி ஷாக் அடிக்கும், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ப்ளக்கின் பெரிய கம்பிக்கும் வெளி இரும்புக்கும் இடையில் தொடர்பு இருக்க வேண்டும், அதுதான் எர்த். இவ்வளவும் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்கிறவரைப் பார்த்தால் கடைக்காரரே சொல்கிற விலையைக் கொஞ்சம் யோசித்துச் சொல்வார்.

மின்விசிறியைக் கையால் சுற்றிவிடுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, தண்டை மேலும் பக்கவாட்டிலும் ஆட்டினால் லொடலொடவென்று ஆடினாலோ பேரிங், புஷ் (தண்டைத் தாங்கும் வளையங்கள்) தேய்ந்திருக்கிறது. மெதுவாகத்தான் சுற்றும் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், சீலிங் ஃபேனுக்கு வழக்கமாக 2.5 மைக்ரோஃபேரட், விலையும் குறைவு. சுருள் கருகிய வாடை அடித்தால் மட்டும் வைத்துவிடுங்கள். மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கக் கூச்சப்படாதீர்கள்.

மிக்சியில் எல்லோரும் மோட்டாரைப் பார்க்கிறார்கள், ஜாரைப் பார்ப்பதில்லை. நானும் ஒரு தடவை நல்ல மோட்டார் என்று வெறும் அடிப்பகுதியை வாங்கி வந்தேன். ஒரு கம்பெனி ஜார் இன்னொரு கம்பெனி கப்ளரில் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பல்சக்கரம்) பெரும்பாலும் உட்காராது. இரண்டு ஜார் தேடி வாங்கியதில், இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் புதுசே வந்திருக்கும். கப்ளர் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றலாம். ஜார் அடியில் தண்ணீர் கசிந்த கறை இருந்தால் புஷ் போயிருக்கிறது.

செல்ஃபோன்

பெட்டியும் பில்லும் இல்லாத ஃபோனை வாங்காதீர்கள் என்பதுதான் என் முடிவு. இருந்தாலும் கேட்பவர்கள் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ என்ற, அந்த ஃபோனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் திரையில் வரும். அது பில்லில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு உங்கள் ஃபோனிலிருந்து கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். முடக்கப்பட்ட ஃபோனாக இருந்தால் பதிலில் தெரிந்துவிடும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இதைப் பார்க்கலாம்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்குவது நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை. "எனக்குத் தெரியாதே" என்பது பில் கேட்டவர் சொன்னால்தான் எடுபடும்.

பழைய உரிமையாளரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு உள்ளே இருந்தால் அந்த ஃபோன் வெறும் கண்ணாடிச் சில்லுதான். ஃபோனை முதன்முதலாகத் தயார்செய்யும் செட்டப் முழுவதும் முடியும்வரை அங்கேயே நின்று பாருங்கள். முதுகு உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது, தீப்பிடிக்கும்.

மரச்சாமான்

அங்கேயே குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கம் பாலிஷ் போட்டிருப்பார்கள், அடிப்பக்கத்துக்கு யாரும் போட மாட்டார்கள். நிஜ மரம் அங்கேதான் தெரியும். விளிம்பில் ரேகை மேலிருந்து பக்கவாட்டுக்குத் தொடர்ந்து இறங்கினால் மரம். விளிம்பில் ஒட்டிய பட்டை உரிந்து, உள்ளே தூள் தூளாகத் தெரிந்தால் அமுக்கிய மரத்தூள் பலகை. அது தண்ணீர் பட்டால் உப்பும், திருகாணி பிடிக்காது.

குண்டூசி முனை அளவு ஓட்டைகளைப் பார்த்தால் விரலால் தட்டுங்கள். மாவு போன்ற தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. மண் கோடு இருந்தால் கரையான். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், உங்கள் நிலைக்கதவையும் தின்னும்.

பாத்திரம்

காந்தம் இதற்குத்தான். பித்தளை, செம்பு, வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்கு மேலே பூச்சு. எவர்சில்வருக்கு மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், ஒட்டுகிற நல்ல ரகமும் உண்டு, ஒட்டாத மட்ட ரகமும் உண்டு.

சமையலுக்குப் பித்தளை வாங்கினால் உள்ளே ஈயப்பூச்சு இருக்கிறதா பாருங்கள். மஞ்சள் நிறம் வெளியே தெரிந்தால் புளியும் மோரும் அதில் ஆகாது. திரும்ப ஈயம் பூச ஆள் தேட வேண்டும், அந்தக் கூலியையும் விலையில் கழியுங்கள். பூசுகிறவரிடம் வெள்ளீயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் விஷம்.

வார்ப்பிரும்பு தோசைக்கல்லில் துரு இருந்தால் கவலை வேண்டாம், தேய்த்து எண்ணெய் போட்டால் போகும், துருவைக் காட்டி விலையும் குறைக்கலாம். விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். மணிபோல் நின்று ஒலித்தால் நல்ல கல். மொட்டையாக ஒலித்தால் மயிரிழை விரிசல் இருக்கும், அடுப்பில் வைத்தால் பிளக்கும்.

துணி, செருப்பு, புத்தகம்

சட்டையில் காலரின் உட்புறத்தையும் அக்குளையும் பாருங்கள், மற்ற இடங்களில் அழுக்கு போகும், அங்கே போகாது. பேண்ட்டைப் போட்டுப் பார்க்க இடம் கிடையாது. பட்டனைப் போட்டு இடுப்புப் பட்டையைக் கழுத்தைச் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு ஓரமும் பிடரியில் தொட்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஷூவின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பல வருடம் சும்மா கிடந்த ஷூவின் அடி பார்க்கப் புதிதாக இருந்தாலும் பிஸ்கட்போல் உதிரும்.

புத்தகத்தில் நடுவே பார்க்க வேண்டும். பல பக்கங்களை ஒரே தாளில் அச்சடித்து மடித்து, 'பாரம்' பாரமாகக் கட்டுவதால் விட்டுப்போனால் ஒரு பக்கம் போகாது, பெரும்பாலும் 16 பக்கம் மொத்தமாகப் போகும். 16, 32, 48 என்று தாவித் தாவிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

6. சோதிக்கக்கூட வேண்டாதவை

ஹெல்மெட்: ஒரு தடவை விழுந்தது உயிரைக் காக்காது, விழுந்ததா என்று வெளியே தெரியாது. கேஸ் ரெகுலேட்டர், டியூப். குழந்தைக் கார் இருக்கை. மேல்பூச்சு உரிந்த நான்ஸ்டிக். மெத்தை, தலையணை. ஃபிரிட்ஜையும் இதில் சேர்ப்பேன், இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

பறவைகள் விற்கும் பக்கம் பச்சைக்கிளியை யாராவது ரகசியமாகக் காட்டினால் நகர்ந்துவிடுங்கள். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விற்பதும் வளர்ப்பதும் குற்றம்.

7. பேரம்

இப்போதுதான் தொகை. சோதனையில் கண்ட குறைகளை அமைதியாகச் சொல்லுங்கள்: "அண்ணே, கப்ளர் தேஞ்சிருக்கு, வயரும் மாத்தணும்." பொருளைக் கேவலமாகப் பேசாதீர்கள். "இந்தக் காயலான்கடைச் சாமானுக்கா இவ்வளவு" என்று ஆரம்பித்தவருக்கு விலை இறங்கி நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்து, முக்கால் பங்குக்குள் முடிப்பது எனக்குப் பழகிய கணக்கு. காலையில் முதல் ஆளாகப் போனால் "போனி" என்பார்கள். முதல் வியாபாரம் கைகூட வேண்டும் என்று விலை குறைப்பார்கள், ஆனால் போனி நேரத்தில் பேசிவிட்டு வாங்காமல் போனால் மனசு கெடும். வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் அந்த நேரத்தில் பேசுங்கள்.

"கட்டுபடியாகாது சார்" என்று ஒரு தடவை சொன்னால் பேச்சு இன்னும் இருக்கிறது. அவர் துணியைச் சரிசெய்வதுபோல் பொருளைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தால் பேச்சு முடிந்துவிட்டது. நகர்ந்து நான்கடி நடங்கள். கூப்பிட்டால் வாங்குங்கள், கூப்பிடாவிட்டால் அதுதான் நிஜமான விலை. திரும்பிப்போய் அவர் சொன்ன விலைக்கே வாங்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை. பத்து ரூபாய்க்காக அரை மணி நேரம் பிடிவாதம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கும். வெயிலில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர் அவர்.

ஒரே கடையில் இரண்டு மூன்று பொருள் எடுத்தால் தனித்தனியாகப் பேசாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒரு தொகை கேளுங்கள்.

8. பணம் கொடுத்த பிறகு

கொடுக்கும் முன் நீங்கள் சோதித்த அதே பொருள்தான் பையில் போகிறதா என்று பாருங்கள். அடியிலிருந்து "புதுசா" ஒன்று எடுத்துக் கொடுத்தால் மறுத்துவிட்டு, கையில் பார்த்ததையே கேளுங்கள். மூடி, வயர், திருகாணி, சாவி எல்லாம் எண்ணி வாங்குங்கள். பர்ஸ் முன்பக்கப் பையில் இருக்கட்டும், நெரிசலில் பின்பாக்கெட் உங்களுடையது அல்ல.

பெரிய சாமானுக்குக் குட்டியானை வண்டி வாடகைக்குக் கிடைக்கும். கூலியை ஏற்றும் முன் பேசுங்கள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, ஏற்றி இறக்கும் கூலி சேர்த்தா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். வண்டி கிளம்பிய பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

9. வீட்டுக்குள் விடும் முன்

துணியை வாசலிலேயே வாளியில் போட்டு, துணி தாங்குமென்றால் 60 டிகிரி சூட்டு வெந்நீரில் துவையுங்கள். மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் அந்தச் சூட்டில் சாகும், வெறும் பச்சைத் தண்ணீரில் சாகாது. நாற்காலி, கட்டிலின் இணைப்பு இடுக்குகளில் டார்ச் அடித்துக் கரும்புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வெளியிலேயே கொதிநீர் ஊற்றி, வெயிலில் காய்ந்த பிறகு உள்ளே எடுங்கள்.

மின்சாதனத்தை வந்ததும் சொருகாதீர்கள். வயர் விறைத்து வெடித்திருந்தால் புது வயரும் மூன்று கம்பி ப்ளக்கும் போட்டு, தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து ஓட்டுங்கள்; வாடை, புகை, கை பொறுக்காத சூடு எதுவானாலும் உடனே சுவிட்சை அணைத்துவிட்டுப் ப்ளக்கைப் பிடுங்குங்கள்.

பட்டியலில் கிடைக்காமல் போனது இருந்தால், கிளம்பும் முன் அந்த வகைச் சாமான் வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவரிடம் "அண்ணே, இந்த அளவு பட்டறை இடுக்கி (வைஸ்) ஒன்று வந்தால் எடுத்து வைங்க" என்று உங்கள் ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். என் பட்டறையில் இருக்கும் நல்ல கருவிகளில் பாதி அப்படி வியாழக்கிழமை ராத்திரி வந்த அழைப்பில் கிடைத்தவைதான்.